கையை அப்படியே வைங்க, மாமா

அன்புள்ள வாயாடிக்கு,

அப்பா சாப்பிடுகிறார், நடக்கிறார், வானொலியில் செய்தி கேட்டுவிட்டு யாரையாவது திட்டுகிறார். உயிருக்கு ஒரு குறையும் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் கீழே படிக்கப் படிக்க நீ பயந்துபோவாய். நான் நலமா என்று நீ கேட்கமாட்டாய். கேட்காமல் இருப்பதுதான் நியாயம்.

உன் அறைத்தோழி விடுமுறை முடிந்து திரும்புகிறாள். நீ அவளிடம் கொடுத்தனுப்பிய சட்டைத் துணியும் சோப்பும் வந்து சேர்ந்தன. அவள் கையிலேயே இதையும் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் எடுத்த அப்பாவின் படத்தைப் பார்த்த நாளிலிருந்து நீ "அப்பாகிட்ட குடுங்க" என்பதைத் தவிர என்னிடம் வேறெதுவும் பேசுவதில்லை. அதோடு அப்பா எப்போதும் பக்கத்திலேயே இருக்கிறார். அவருடைய காதைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாடியில் நடப்பது யாருடைய செருப்பு என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்.

குழாய் ஒழுகியது சரியாகிவிட்டது. உன் செடிகளில் இரண்டு போய்விட்டன. நான் அளவுக்கு மீறித் தண்ணீர் ஊற்றினேன் என்று எதிர்வீட்டுத் தையல்காரம்மா சொல்கிறார், இருக்கலாம். பேருந்துப் பணிமனைக் கிடங்குக்குப் புதிதாக வந்திருக்கும் மேலாளர் இருக்கிற நட்டு போல்ட்டையெல்லாம் எண்ணச் சொல்லி என் உயிரை எடுக்கிறார். நான் விஷயத்துக்கு வராமல் சுற்றி வளைக்கிறேன் என்று உனக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். வருகிறேன்.

"எங்கப்பாவைப் பட்டினி போட்டா படம் எடுத்தீங்க?" என்று கேட்டுவிட்டு போனை வைத்தாய். உன் அண்ணன் கேட்டது இதைவிடக் காரமாக இருந்தது, அதைக் காகிதத்தில் எழுத முடியாது. இணையத்தில் வந்ததை யாரோ அவருக்கு அனுப்ப, அவர் உனக்கு அனுப்ப, படத்துக்குக் கீழே ஊர் பேர் தெரியாதவர்கள் "பெற்றவரைத் தவிக்க விட்ட பாவிகள்" என்று எழுதியிருந்ததையும் சேர்த்தே நீ பார்த்திருக்கிறாய். அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. படம் எடுத்த அன்று அப்பா வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தார். தட்டு காலியாக இருந்தது அவர் சாப்பிட்டு முடித்திருந்ததால். முதல் பரிசு வாங்கி வந்தவனை ஒரே நாளில் பாவியாக்கிவிட்டார்களே என்று குமுறிக்கொண்டிருந்தேன்.

எப்படி எடுத்தேன் என்று சொல்கிறேன். "ஜன்னலைத் திறந்து மூடியே ஆயுசை முடிச்சிடுவீங்க" என்று நீ கிண்டல் செய்வாயே, அதே வேலைதான். மாலையில் மேற்கு ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து சாப்பாட்டு மேஜையில் விழும். எதிர்ப்பக்க ஜன்னலில் உன் கருநீலப் போர்வையைத் தொங்கவிட்டேன். விளக்கை அணைத்தேன். சுவர் வெள்ளையாக இருந்தால் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி நிழலைக் கெடுத்துவிடும் என்று நாற்காலிகளை அங்கே வரிசையாகப் போட்டு அவற்றின் மேல் கம்பளியை விரித்தேன். முகத்தில் ஒரு பாதி பளிச்சென்றும் மறுபாதி கன்னங்கரேலென்றும் இருக்க வேண்டும். அதுதான் கான்ட்ராஸ்ட் என்று எங்கள் புகைப்படச் சங்கத்தின் செயலாளரான பல் டாக்டர் ஒவ்வொரு கூட்டத்திலும் மேஜையைத் தட்டிச் சொல்வார். வெளிச்சம் விழுந்த இடத்துக்கு அளவு வைத்து எடுத்தால் போதும், நிழலில் கிடப்பதெல்லாம் தானாக மறைந்துவிடும். பார்க்கிறவனுக்கு நாம் காட்ட நினைப்பது மட்டும்தான் தெரியும்.

அப்பாவைப் போல ஓர் ஆள் வீட்டிலேயே கிடைத்ததில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. சங்கத்தில் மற்றவர்கள் படத்துக்கு ஆள் தேடிச் சந்தையிலும் பேருந்து நிலையத்திலும் அலைவார்கள். எனக்கு அந்தத் தொல்லையே இல்லை. காலையில் கிழக்கு ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்காருவார். நடுப்பகலில் பின்வாசல் படியில். வெயில் சாய்ந்தால் மேற்கு ஜன்னலுக்கு வந்துவிடுவார். நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. "எங்க மாமா வெளிச்சத்தோட நகர்ற மனுஷன்" என்று சங்கத்தில் சொன்னேன். எல்லோரும் ஆகா என்றார்கள். பல் டாக்டர் அதை ஓர் அட்டையில் எழுதிப் படத்துக்குக் கீழே வைக்கச் சொன்னார். வைத்தோம்.

படத்துக்கு "மிச்சம்" என்று அவர்களே பெயர் வைத்து சங்கத்தின் கண்காட்சி நடந்த நூலகக் கூடத்தின் நடுச்சுவரில் மாட்டினார்கள். வந்தவர்கள் எல்லோரும் முதலில் பார்த்தது முகத்தை அல்ல, அப்பாவின் இடது கையை. வெளிச்சத்திலிருந்து கிளம்பி இருட்டுக்குள் நீளும் அந்தக் கை, விரித்த விரல்கள். "அந்தக் கை பேசுது சார்" என்றார் பல் டாக்டர். நானும் அடக்கமாக இருப்பது போலத் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அந்த முகத்தை இப்போது நினைத்தால் எனக்கே அறைய வேண்டும் போலிருக்கிறது.

நீ போனை வைத்த அன்று, உனக்கும் உன் அண்ணனுக்கும் ஒரேயடியாகப் பதில் சொல்லிவிட வேண்டும் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். மூலப் படத்தில் நிழலைத் தூக்கிவிடலாம், கறுப்பாகத் தெரிகிற இடத்தில் என்ன இருந்தது என்று வெளியே கொண்டுவரலாம். மேஜையில் பாத்திரங்களில் சாப்பாடு மீதி இருந்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. அதைக் காட்டி உங்கள் வாயை அடைக்க எண்ணினேன். நிழல் மெல்ல மெல்ல வெளுத்தது. பாத்திரங்கள் வந்தன. மூடி வைத்த கிண்ணம் வந்தது. கரண்டி வந்தது. கடைசியாகத் தண்ணீர் டம்ளர் வந்தது. அப்பாவின் விரல் நுனிக்கும் அதற்கும் ஒரு சாண் தூரம்கூட இல்லை. கை அதைத் தேடிக்கொண்டிருந்தது.

முதலில் நான் அதை நம்பவில்லை. அன்று எடுத்த மற்றப் படங்களையும் வரிசையாகத் திறந்து எல்லாவற்றிலும் நிழலைத் தூக்கிப் பார்த்தேன். ஒன்றில் கை தட்டின் விளிம்பில் இருக்கிறது. அடுத்ததில் மேஜையைத் தடவிக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போயிருக்கிறது. அதற்கடுத்ததில் டம்ளரைத் தாண்டி வெறும் இடத்துக்குப் போய்விட்டது. பிறகு திரும்பி வருகிறது. மறுபடி தவறவிடுகிறது. அவ்வளவு நேரமும் நான் எதிரில் நின்று பொத்தானை அழுத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

அது மட்டுமென்றால்கூடக் கவனிக்கவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். கை அந்த வெளிச்ச விளிம்பில் வந்து நின்றபோது நான் வாயைத் திறந்து, "கையை அப்படியே வைங்க, மாமா" என்று சொன்னேன். அவர் வைத்தார். தாகத்துக்குத் தண்ணீர் தேடிய மனிதர், நான் சொன்னேன் என்பதற்காகக் கையை அந்தரத்தில் நிறுத்தி வைத்தார். எனக்குத் திருப்தியாகும் வரை அசையவில்லை. அப்புறம், "முடிஞ்சுதா மாப்பிள்ளை? கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார். நான் எடுத்துக் கொடுத்தேன். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதை ஏன் கேட்கிறார் என்ற யோசனைகூட எனக்கு வரவில்லை. கேமராவின் சின்னத் திரையில் படம் எப்படி வந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே கொடுத்தேன்.

மறுநாள் விடுப்பு எடுத்தேன். நட்டு போல்ட்டு எண்ணிக்கை பாழாய்ப் போகட்டும் என்று வீட்டில் உட்கார்ந்து அவரைப் பார்த்தேன். தேநீரில் பால் வேண்டாம் என்று அவர் சொல்ல ஆரம்பித்தது உனக்கு நினைவிருக்கும். "நல்ல பழக்கம்ப்பா" என்று நீகூடப் பாராட்டினாய். "வயசான காலத்துல மாமாவுக்கு நாகரிகம் வந்துடுச்சு" என்று நான் சிரித்தேன். அன்று பார்த்தேன். வெள்ளைக் கோப்பையில் பாலில்லாத தேநீர் ஊற்றினால்தான் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று அவருக்குத் தெரிகிறது. வேண்டுமென்றே பழுப்புக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தேன். வாங்கி, விளிம்புக்குள் ஒரு விரலை விட்டு அளவு பார்த்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். நான் போகாமல், அசையாமல் எதிரிலேயே நின்றிருந்தேன். நான் இருப்பது அவருக்குத் தெரியவில்லை.

பாலின் விஷயத்தில் நீ பாராட்டியதை நினைத்து இப்போது அங்கே உட்கார்ந்து உருகாதே. நீ கடல் தாண்டி இருக்கிறாய். நான் ஒரே மேஜையில் சாப்பிடுகிறவன்.

நேராகவே கேட்டேன். "மாமா, கண்ணு சரியா தெரியலையா?" முதலில் அவருக்குக் கோபம் வந்தது. ஒரு கீறல்கூட விழாமல் பணிக்காலம் முழுக்கப் பேருந்து ஓட்டியவரிடம் கேட்கிற கேள்வியா என்றார். எந்த டிரைவருக்கும் தராத சான்றிதழைத் தனக்குத் தந்தார்கள் என்றார். பணிமனையே அவருடைய கண்ணைப் பற்றிப் பேசியது எனக்கும் தெரியும், அந்தப் பேரை நம்பித்தானே கிடங்குக்காரனான நான் அவர் வீட்டில் பெண் கேட்டேன். கோபம் தீர்ந்ததும் நாற்காலியை வெயில் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "இடது பக்கம் ரொம்ப நாளா இல்ல, மாப்பிள்ளை. வலது பக்கம் வெளிச்சத்துல பரவாயில்ல. வெளிச்சம் குறைஞ்சா எல்லாம் ஒண்ணாக் கலந்துடுது" என்றார். அதனால்தான் வெயில் போகிற இடமெல்லாம் நாற்காலியை இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். நான் அதற்கு அழகாக ஒரு பேர் வைத்து அட்டையில் எழுதி நூலகத்தில் ஒட்டியிருக்கிறேன்.

ஏன் சொல்லவில்லை என்றேன். "சொன்னா நீங்க அவகிட்ட சொல்லுவீங்க. அவ எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துடுவா. இப்பதான் அந்தத் தையல் ஆலையில அவளை மேற்பார்வைக்குப் போட்டிருக்காங்க" என்றார். அதோடு விட்டிருக்கலாம். "நீங்க கண்டுபிடிச்சிடுவீங்கன்னுதான் எனக்கு எப்பவும் பயம். பார்த்துக்கிட்டே இருக்கீங்களே" என்றும் சொன்னார். குத்திக்காட்டச் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறார். நான் எழுந்து பின்வாசலுக்குப் போய்விட்டேன்.

கண் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். நிதானமான அம்மா, நன்றாகப் பார்த்தார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுப்போகிற நோயாம். வலிக்காதாம், ஓரத்திலிருந்து மெல்ல மெல்லத் தின்றுகொண்டே வருமாம். ஓர் அட்டையைக் காட்டினார். எல்லா எழுத்தும் ஒரே அளவு. மேல் வரி நல்ல கறுப்பு, கீழே வர வரச் சாம்பலாகி, கடைசி வரி காகிதத்தோடு காகிதமாக இருக்கிறது. கான்ட்ராஸ்ட் எவ்வளவு தெரிகிறது என்று பார்க்கிற அட்டை அது. நான் பக்கத்தில் நின்று கடைசி வரி வரைக்கும் மனசுக்குள் படித்தேன். அப்பா இரண்டு வரி படித்துவிட்டு நிறுத்தினார். மேலே படியுங்கள் என்றார் மருத்துவர். "அவ்வளவுதானே இருக்கு" என்றார் அப்பா.

வீட்டில் யாருமே கவனிக்கவில்லையா என்று மருத்துவர் என்னைப் பார்த்துக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "எங்க மாப்பிள்ளையைக் குத்தம் சொல்லாதீங்கம்மா. நான்தான் மறைச்சேன்" என்றார். திட்டியிருந்தால் தேவலை. வெளியே வந்து படியில் அவர் கையைப் பிடித்து இறக்கியபோது, இவ்வளவு நாளும் அந்தக் கையை நான் எப்போதாவது பிடித்திருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

மருத்துவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உன்னிடம் மறைக்கப் போவதில்லை. இடது கண் போனது போனதுதான், அது திரும்பாது. வலது கண்ணில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. சொட்டு மருந்து தவறாமல் விட்டால் அதைக் காப்பாற்றி வைக்கலாம். எவ்வளவு காலம் என்று உறுதி சொல்ல முடியாது. முன்பே வந்திருந்தால் இன்னும் நிறைய இருந்திருக்கும். அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் அவர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். காலையும் மாலையும் மருந்தை நான்தான் விடுகிறேன். முதல் நாள் பாதி கன்னத்தில் வழிந்தது, இப்போது கை பழகிவிட்டது.

சாப்பாட்டு மேஜைக்கு மேலே பெரிய விளக்கு ஒன்று மாட்டியாயிற்று. படியின் விளிம்புகளில் வெள்ளைப் பட்டை ஒட்டியிருக்கிறேன். அவருக்குத் தட்டை மாற்றினேன், கறுப்புத் தட்டு. உணவு தனியாகத் தெரிகிறதாம். "இத்தனை நாள் பாதி சாப்பாட்டைக் குத்துமதிப்பாச் சாப்பிட்டேன்" என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டினி போட்டீர்களா என்று நீ கேட்டாயே, பாதிப் பட்டினி போட்டிருக்கிறேன்.

நூலகத்துக்குப் போய்ப் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்தேன். பல் டாக்டர் விடவில்லை. பெரிய போட்டிக்கு அனுப்பலாம் என்றார். நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "சார், இப்பதான் இந்தப் படத்துக்கு அர்த்தமே வருது" என்றார். நல்ல மனிதர்தான், ஆனால் அந்த நிமிஷம் அவர் முகத்தில் என் முகத்தையே பார்த்தது போலிருந்தது. சங்கத்திலிருந்து விலகிக்கொண்டேன். கேமராவைத் துணி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன். இதைத் தியாகம் என்று எழுதவில்லை, பார்த்தால் கூசுகிறது, அவ்வளவுதான்.

படம் வீட்டுக்கு வந்ததும் அப்பா பார்க்க வேண்டும் என்றார். வேண்டாம் மாமா என்றேன். "பரிசு வாங்கின படம், நான் பார்க்க வேணாமா?" என்று பிடிவாதம் பிடித்தார். விளக்கடியில் கொண்டுபோய் வைத்தேன். வலது கண்ணைக் கிட்டே கொண்டுபோய் மேலும் கீழுமாகத் தேடினார். "இதுல நான் எங்க இருக்கேன், மாப்பிள்ளை?" என்று கேட்டார். அவர் விரலைப் பிடித்து அவர் முகம் இருக்கிற இடத்தில் வைத்தேன். கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்துவிட்டு, "நல்லா இருக்கு" என்றார்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். மீறுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ அவரிடம் வீடியோவில் பேசி முடித்த பிறகு நான் உள்ளே வந்தேன். நீ என்னிடம் பேசாததால் அவரிடம்தானே கேட்க வேண்டும். "எப்படி இருக்கா மாமா, இளைச்சிருக்காளா?" என்றேன். "குரல் நல்லா இருக்கு" என்றார். முகம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "முகம் தெரியல, மாப்பிள்ளை. அவ போனதுலேருந்தே தெரியல. அவளுக்குப் பின்னால ஜன்னல் இருக்கு. வெள்ளையா ஒரு கட்டம், நடுவுல கறுப்பா ஒரு தலை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்றார். இளைச்சிட்டியேம்மா, முடியை வெட்டிக்கிட்டியா என்று ஒவ்வொரு வாரமும் அவர் கேட்டதெல்லாம் ஊகம். உனக்குச் சந்தேகம் வரக் கூடாது என்பதற்காகக் கேட்டது.

கட்டிலில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நீ உட்காருவது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் முகம் கறுத்துவிடும் என்பது கேமராவைக் கையில் எடுத்தவன் முதலில் கற்றுக்கொள்கிற பாடம். உன் கூந்தலின் ஓரம் மட்டும் மின்னியதைப் பார்த்து, "அழகா இருக்கு, நகராதே" என்று உன்னிடம் சொன்னவன் நான். நீயும் நகரவில்லை.

அப்பா ஏன் சொல்ல வேண்டாம் என்றார் தெரியுமா? "ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்துச் சிரிச்சிருப்பா, பாவம். நான் பார்க்கவே இல்லன்னு தெரிஞ்சா அவளுக்குத் தாங்காது" என்றார்.

வந்துவிடு என்று உன்னைக் கூப்பிட எனக்கு முகமில்லை. அங்கேயே இரு என்று சொல்லும் உரிமையும் எனக்கில்லை. அதை நீ முடிவு செய். என்னோடு பேச வேண்டாம், மன்னிக்கவும் வேண்டாம். ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை வெயில் இருக்கும்போதே கூப்பிடு. கட்டிலில் இடம் மாறி, ஜன்னலைப் பார்த்து உட்கார். பின்னால் கறுத்த துணி ஏதாவது தொங்கவிடு. போனைக் கிட்டே பிடித்துக்கொள். இங்கே நான் போனை அவருடைய வலது பக்கம் வைத்துவிட்டு வெளியே போய்விடுகிறேன். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே, ஏதோ தற்செயலாக இடம் மாறி உட்கார்ந்தது போல இருக்கட்டும். உனக்கு அழுகை வரும். வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே, அம்மா. பேச்சு வராவிட்டாலும் பரவாயில்லை, அப்படியே உட்கார்ந்திரு. அவர் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்